73 பெனிக்கில் பிறந்த காபி வடிகட்டி

ஜெர்மனி நாட்டில் டிரெஸ்டன் நகரம். அங்கே கணவர், மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள் என்று ஒரு நடுத்தரக் குடும்பம். வீட்டுக்காரிக்குக் காபி என்றால் உயிர். ஆனால் குடிக்கும்போதெல்லாம் ஒரு குறை. கோப்பையின் அடியில் கசடு தங்கும், நாக்கில் நெருடும், கசப்பும் ஏறிவிடும். துணியில் வடிகட்டினாலோ, எவ்வளவு அலசினாலும் துணியில் பழைய வாடை போகாது.

அந்த வீட்டுக்காரிதான் மெலிட்டா பென்ட்ஸ் அம்மையார். 1873-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பிறந்தவர். 1908-ல் அவருக்கு வயது 35.

ஒருநாள் ஒரு பித்தளைப் பாத்திரத்தை எடுத்து அதன் அடியில் ஆணியால் துளைகள் போட்டார். மூத்த மகன் வில்லியின் பள்ளி நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளை வெட்டி உள்ளே வைத்தார். அதன்மேல் காபித்தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றினார். தாள் கசடைப் பிடித்துக்கொண்டது. கீழே தெளிந்த காபி இறங்கியது. குடித்த பிறகு தாளைத் தூளோடு எறிந்துவிட்டால் போதும். கழுவும் வேலையும் குறைந்தது.

1908 ஜூன் 20-ந் தேதி பெர்லின் காப்புரிமை அலுவலகத்தில் இந்த வடிகட்டி பதிவாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி கம்பெனி தொடங்கினார். மூலதனம் 73 பெனிக். நூறு பெனிக் சேர்ந்தால்தான் ஒரு மார்க். அந்த ஒரு மார்க்கும் முழுதாக இல்லை! வீடே தொழிற்சாலை. கணவர் ஹூகோவும் பிள்ளைகளுமே தொழிலாளர்கள். பிள்ளைகள் கைவண்டியில் சரக்கைத் தள்ளிச் சென்று கொடுத்தார்கள். 1909-ல் லீப்சிக் சந்தையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிகட்டிகள் விற்றுத் தீர்ந்தன.

பிறகு வந்தது முதல் உலகப் போர். கணவர் ராணுவத்துக்குப் போனார். காபிக்கொட்டை வரத்து நின்றது, காகிதத்துக்கும் தட்டுப்பாடு. அம்மையார் தளரவில்லை. அட்டைப்பெட்டி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

போர் ஓய்ந்ததும் தொழில் மீண்டும் தழைத்தது. 1928-ல் 80 பேர் இரண்டு ஷிப்டுகளில் வேலை செய்தார்கள். மறு ஆண்டு கம்பெனி மிண்டன் நகருக்கு மாறியது. 1932-ல் பெரும்பங்கை மகன்களுக்கு எழுதி வைத்தார். ஆனால் தொழிலாளர் நலனைக் கைவிடவில்லை. ஆண்டுக்கு 6 நாளாக இருந்த விடுமுறை 15 நாளாயிற்று. கிறிஸ்துமஸ் போனஸ் வந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றாயிற்று. வீட்டிலேயே தொழில் நடத்தி, இரவு பகல் பாராமல் உழைத்தவருக்கு ஓய்வின் அருமை தெரியாதா?

ஹிட்லர் காலத்தில், மகன்கள் நிர்வாகத்தில் இருந்த அந்தக் கம்பெனி நாஜி ஆட்சிக்கு ஒத்துழைத்தது. அந்தக் கறையையும் மறைப்பதற்கில்லை.

அம்மையார் 1950 ஜூன் 29-ந் தேதி காலமானார். அவர் கண்டுபிடித்த முறை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு சிறு கூம்பு, ஒரு தாள், கொஞ்சம் வெந்நீர் இருந்தால் வீட்டிலும் சரி, வெளியூரிலும் சரி, கசடில்லாத காபி கிடைத்துவிடும். பள்ளிப் பிள்ளையின் நோட்டுத் தாளில் தொடங்கிய காரியம் பல தொழிலாளர் வீடுகளில் அடுப்பெரியவும், அவர்கள் ஆண்டுக்குப் பதினைந்து நாள் குடும்பத்தோடு இருக்கவும் வழி செய்தது.