களையெடுத்த சொல்லேருழவர்

புனைகதையில் ஒரு சொல்லும் வேண்டாததாக நிற்கலாகாது என்னும் கொள்கைக்கு முன்னோடியாகப் போற்றப்படுபவர் பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேர். ஆயினும் அவர் இயல்பிலேயே சொற்சிக்கனம் வாய்க்கப்பெற்றவர் அல்லர். உவமைகளும் அடுக்குத்தொடர்களும் அவருடைய எழுதுகோலிலிருந்து தாமாகவே பெருகின. மிகைபடக் கூறலே அவருக்கு எளிது. அவரிடம் காணும் எளிமை, தம் மனப்போக்கோடு தாமே பொருது பெற்ற எளிமையாகும்.

நார்மண்டிப் பகுதியின் ரூவான் நகரில் 1821 டிசம்பர் 12-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் அந்நகரப் பெருமருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர். குடும்பம் அக்கட்டடத்தின் ஒரு பகுதியிலேயே வாழ்ந்தது. சிறுவனும் தங்கை கரோலினும் தோட்டத்துக் கொடிப்பந்தலில் ஏறி, பிணங்களை அறுத்து ஆராயும் அறையை எட்டிப் பார்த்ததுண்டு. பிற்காலத்தில் திறனாய்வாளர் சேன்ட் பேவ், ஃப்ளோபேர் எழுதுகோல் பிடிக்கும் முறையை அறுவைக் கத்தி பிடிப்பதோடு ஒப்பிட்டார். பொருத்தமான ஒப்புமைதான். ஆனால் அக்கத்தி முதலில் கீறியது அவருடைய சொந்த எழுத்தை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பாரிசில் சட்டம் பயின்றுவந்த அவரை 1844 ஜனவரியில் வலிப்புநோய் தாக்கியது. சட்டக் கல்வி அத்துடன் முடிந்தது. சீன் ஆற்றங்கரையில் க்ருவாஸே என்னும் சிற்றூரில் தந்தையார் வாங்கிய இல்லமே அவருக்கு வாழ்நாள் இருப்பிடமாயிற்று. 1846-இல் தந்தையும் தங்கையும் அடுத்தடுத்து மறைந்தனர். தாயோடும், தங்கை விட்டுச்சென்ற கைக்குழந்தையோடும் அவர் அங்கே தங்கி எழுதலானார்.

அவர் முதலில் பெரிதும் நம்பிய நூல் 'புனித அந்தோணியாரின் சோதனை'. ஜெனோவாவில் கண்ட ஓர் ஓவியம் அதற்கு வித்திட்டது. 1848 மே மாதம் தொடங்கி ஓராண்டுக்கும் மேலாக எழுதிய அதன் கைப்பிரதி ஐந்நூறு பக்கங்களைக் கடந்தது. 1849 செப்டம்பரில் நண்பர்கள் லூயி பூயே, மாக்ஸிம் த்யூ காம் ஆகிய இருவரையும் அமர்த்தி, நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக நான்கு நாட்கள் அவரே உரக்கப் படித்துக் காட்டினார். முடியும் வரை எவரும் குறுக்கிடலாகாது என்பது ஏற்பாடு. முடிந்தபின் கிடைத்த தீர்ப்பு கொடியது: அதனை நெருப்பிலிட்டுவிட்டு, இனி அதைப்பற்றிப் பேசாதிருக்க வேண்டும் என்பதே. த்யூ காம் தம் நினைவுக் குறிப்புகளில் இதனைப் பதிவு செய்துள்ளார். கற்பனை வளத்துக்கு அந்நூலில் குறைவில்லை. அந்த வளமே கதையை மூழ்கடித்துவிட்டது.

ஃப்ளோபேர் அதனை எரிக்கவில்லை, எடுத்து வைத்துவிட்டார். த்யூ காமுடன் எகிப்து முதலிய கீழைநாடுகளில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சுற்றித் திரும்பியதும், 1851 செப்டம்பரில் வேறொரு கதையைத் தொடங்கினார். பாலைவனத் துறவியும் பேய்களும் பாம்புகளும் போய், நாட்டுப்புற மருத்துவர் ஒருவரின் சலிப்புற்ற மனைவி வந்தாள். அலங்காரத்துக்கு இடமே தராத கதைப்பொருளை வலிந்து எடுத்துக்கொண்டார் எனலாம். 'மதாம் பொவாரி' என்னும் அந்நாவல் நான்கரை ஆண்டுகளை விழுங்கியது.

அவர் எழுதிய முறை வியப்புக்குரியது. ஒரு பத்தியை ஐந்தாறு முறை, சில வேளைகளில் அதனினும் பலமுறை, முழுமையாகத் திருப்பி எழுதுவார். வரிகளுக்கிடையிலும் ஓரங்களிலும் சொற்கள் முதலில் பெருகும். பிறகு ஒவ்வொன்றாக அடிபடும். எஞ்சிய வாக்கியத்தை இல்லத்தருகே எலுமிச்சை நிறப் பூக்கள் சொரியும் லிண்டன் மரச்சாலையில் உலவியபடி உரத்த குரலில் சொல்லிப் பார்ப்பார். மூச்சு இடறும் இடத்தில் தேவையற்ற சொல் ஒன்று ஒளிந்திருப்பதாக அவர் கொண்டார். வாரம் முழுதும் உழைத்துச் சில பக்கங்களே தேறிய காலங்கள் உண்டு. உவமைகள் தம்மைப் பூச்சிபோல் அரிப்பதாகவும், அவற்றை நசுக்குவதே தம் தொழிலாகிவிட்டதாகவும் கவிஞர் லூயிஸ் கொலேக்கு எழுதிய கடிதங்களில் அவர் நொந்துகொண்டார்.

வார இறுதியில் பூயே வருவார். எழுதிய பக்கங்கள் படிக்கப்படும். இது வேண்டாம், அது வேண்டாம் என்று அவர் சுட்டுவார். ஃப்ளோபேர் வாதாடிப் பார்த்துப் பெரும்பாலும் பணிவார். பூயே ஒரு கவிஞர். உரைநடையிலிருந்து கவிதைப் பூச்சைச் சுரண்டி எடுக்க ஒரு கவிஞரே துணைநின்றார் என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அடித்து நீக்கிய அணிநடை முழுவதும் காற்றில் கரைந்துவிடவில்லை. அதனை ஃப்ளோபேர் தம் குரலிலிருந்து எடுத்துக் கதைமாந்தர் வாயில் இட்டார். இந்நாவலின் உயிர்நிலை இதுவே. எம்மா பொவாரி கெடுவதே, மடத்துப் பள்ளியில் படித்த காதற்கதைகளின் பகட்டுச் சொற்களை வாழ்க்கையில் தேடியதனால்தான். மருந்துக்கடைக்காரர் ஓமே எதனையும் செய்தித்தாள் நடையிலேயே பேசுவார். காதலன் ரொதோல்ஃப் உருக்கமான பிரிவுக் கடிதம் எழுதிவிட்டு, கண்ணீர்க்கறை போலத் தோன்ற நீர்த்துளி ஒன்றை அதன்மேல் சொட்டுகிறான்.

விவசாயக் கண்காட்சிக் காட்சி இவ்வுத்தியின் உச்சம். அதனை எழுத மட்டும் 1853-இல் பல மாதங்கள் பிடித்தன. கீழே மேடையில் அரசு அலுவலர் உழவின் பெருமையை அலங்காரமாக முழங்குகிறார். மேலே மாடியில் ரொதோல்ஃப் எம்மாவிடம் காதலின் பெருமையை அலங்காரமாக அளக்கிறான். இரண்டு பேச்சும் மாறிமாறி வருகின்றன. இடையே எருவுக்கும் பன்றிக்கும் பரிசுகள் அறிவிக்கப்படுகின்றன. ஆசிரியர் ஒரு சொல்லும் கூறுவதில்லை. பின்னர், ஒரே பண்ணையில் 54 ஆண்டுகள் உழைத்த கிழவி ஒருத்தி 25 பிராங்க் பெறுமான வெள்ளிப் பதக்கம் பெற மேடையேறுகிறாள். அவள் பேசுவது மிகக் குறைவு. தூசியும் காரநீரும் ஏறித் தடித்துப்போன அவள் கைகளைக் காட்டுவதோடு ஃப்ளோபேர் நின்றுகொள்கிறார். அவ்வளவு நேரம் பேசிய அனைவரும் அக்கைகளின்முன் வாயடைத்துப் போகின்றனர்.

1856-இல் நாவல் முடிந்தது. பத்திரிகைக்கு அனுப்புமுன் ஏறக்குறைய முப்பது பக்கங்களை அவர் நீக்கினார். ஓமேயின் நீண்ட பேச்சுகள் மூன்றும், ஒரு நிலக்காட்சி முழுவதும் அவற்றுள் அடங்கும். ஆயினும் 'ரெவ்யூ த பாரி' இதழின் ஆசிரியர்களுள் ஒருவராயிருந்த த்யூ காமுக்கு அது போதவில்லை. நூறு பிராங்க் அளவு செலவில் தேர்ந்த கையொன்றால் வெட்டித் தருவதாக எழுதினார். தனக்குத் தானே அத்தனை கொடுமை இழைத்துக்கொண்ட மனிதர் இதனைக் கேட்டுக் கொதித்தெழுந்தார். இது முரண்பாடன்று. அவர் வெட்டியது வாக்கியத்துக்காக. இதழாசிரியர்கள் வெட்ட விரும்பியது பெரிதும் அரசின் தணிக்கைக்கு அஞ்சி. அவர் இசைவின்றியே மூடிய குதிரைவண்டிக் காட்சியை இதழ் விட்டுவிட்டது. இத்தகைய நீக்கங்களுக்குப் பின் வெளிவந்தவற்றைத் துண்டுகளாகவே கொள்ளுமாறு ஃப்ளோபேர் அவ்விதழிலேயே அறிவித்தார்.

அந்த அச்சம் வீண்போகவில்லை. 1857 ஜனவரி இறுதியில் ஒழுக்கக்கேடு, சமய அவமதிப்பு என்னும் குற்றச்சாட்டுகளின் பேரில் அவர் நீதிமன்றத்தில் நின்றார். எம்மாவைக் கண்டிக்கும் ஒரு பாத்திரமோ ஒரு வரியோ நூலில் இல்லை என்பது அரசு வழக்கறிஞர் எர்னஸ்ட் பினாரின் முக்கிய வாதங்களுள் ஒன்று. எம்மாவின் எண்ணங்களாக எழுதியவற்றை ஆசிரியரின் எண்ணங்களாகவே அவர் படித்தார். ஆசிரியர் இடைநின்று அறம் உரைக்கும் சொற்களை ஃப்ளோபேர் தேவையற்றவையெனக் களைந்திருந்தார். அச்சொற்கள் இருந்திருப்பின் வழக்கே எழாமற் போயிருக்கலாம். வழக்கறிஞர் செனார் நான்கு மணி நேரம் வாதாடினார். பிப்ரவரி 7-ஆம் நாள் ஃப்ளோபேர் விடுதலை பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே பினாரின் வாதத்தால் கவிஞர் போதலேர் தண்டிக்கப்பட்டதை நினைத்தால், அவர் எவ்வளவு அருகில் தப்பினார் என்பது புலனாகும்.

1862-இல் வெளிவந்த 'சலாம்போ' கார்த்தேஜ் நகரின் பண்டைக் கதை. அதில் பழைய ஆடம்பரம் ஓரளவு திரும்பிவிட்டது. அணிகலன்களும் படைக்கலங்களும் அடுக்கடுக்காக வந்து வாசகரைச் சோர்வடையச் செய்வதை மறுக்க இயலாது. 1869-இல் வந்த 'உணர்வுக் கல்வி' மறுமுனைக்குச் சென்றது. கண்முன்னே நண்பன் கொல்லப்படும் அதிர்ச்சியில் நாயகன் வாயடைத்து நிற்க, அதன்பின் அத்தியாயம் முறிகிறது. அடுத்த சில சிறு வாக்கியங்களில் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்நூலில் மிக அழகியது ஒரு வாக்கியமன்று, அந்த வெற்றிடமே என மர்செல் ப்ரூஸ்த் 1920-இல் எழுதினார். அன்றைய வாசகர்களோ நாவலைப் புறக்கணித்தனர்.

அதே 1869-இல் பூயே மறைந்தார். தம் இலக்கிய மனச்சான்றையே இழந்ததாக ஃப்ளோபேர் கருதினார். 1849-இல் நெருப்புக்குத் தப்பிய அந்தோணியார், பன்மடங்கு சுருங்கி 1874-இல் அச்சேறினார். மறு ஆண்டு, தங்கை மகளின் கணவரைக் கடனிலிருந்து காக்கத் தம் பண்ணையை விற்று ஃப்ளோபேர் வறுமையுற்றார். அந்த இடர்ப்பாட்டுக்கிடையே பிறந்ததே 'எளிய உள்ளம்' என்னும் கதை. ஒரு வேலைக்காரியின் அரை நூற்றாண்டு வாழ்க்கை சில பக்கங்களில் அடங்கியது. அவள் வளர்த்த கிளியைச் சரியாக எழுத, அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்த கிளியொன்றை இரவல் பெற்று மேசைமேல் வைத்துக்கொண்டார்.

இளைஞர் மாப்பசான் ஆண்டுக்கணக்கில் அவரிடம் பயின்றார். கடைவாயிலில் அமர்ந்திருக்கும் மளிகைக்காரர் ஒருவரை, உலகின் வேறெந்த மளிகைக்காரரோடும் மயங்காதபடி சில சொற்களில் எழுதிக்காட்டுமாறு ஃப்ளோபேர் பணித்ததை மாப்பசான் 1888-இல் நினைவுகூர்ந்தார். அவருடைய 'கொழுக்குப் பந்து' கதையைப் படித்து மகிழ்ந்த சில மாதங்களில், 1880 மே 8-ஆம் நாள், க்ருவாஸே இல்லத்தில் ஃப்ளோபேர் காலமானார். 'பூவாரும் பெகூஷேயும்' நாவல் முற்றுப்பெறாது மேசைமேல் கிடந்தது.

மறு ஆண்டு வீடு விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. ஆற்றோரச் சிறு மண்டபம் ஒன்றே எஞ்சியது. 'மதாம் பொவாரி'யின் வரைவுத்தாள்கள் ஏறக்குறைய 4500 பக்கங்கள் ரூவான் நகர நூலகத்தில் காக்கப்படுகின்றன. தன்னார்வலர்கள் பலர் கூடி அவற்றை எழுத்தெழுத்தாகப் படியெடுத்து 2009-இல் வெளியிட்டனர். குறுக்குக்கோடுகளுக்கு அடியிலிருந்து, ஃப்ளோபேர் ஒருவருக்கும் காட்ட விரும்பாத உவமைகள் ஒவ்வொன்றாக இப்போது படிக்கப்பட்டு வருகின்றன.