அயலாருக்காக நீதி கேட்ட சேர் பொன். இராமநாதன்

நாட்டுக்குழைத்த பெரியோரின் சரித்திரத்தை ஆண்டுக்கொரு முறையேனும் நினைவு கூர்வது இளைஞர் கடன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவருக்குக் கோயிலும் கல்லூரியுமே கண்முன் தோன்றும். கொழும்பு கொச்சிக்கடையில் கருங்கல்லால் எழுந்து நிற்கும் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும், மருதனார்மடத்து மகளிர் கல்லூரியும், பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு இடந்தந்த பரமேசுவராக் கல்லூரியும் அன்னாரின் அழியாத சின்னங்கள். ஆயினும் அவருடைய வாழ்வில் இவற்றுக்கு எள்ளளவும் குறையாத மற்றொரு திருப்பணியும் உண்டு. அரசாங்கம் அச்சத்தையே ஆயுதமாகக் கொண்டு, நினைத்தவரைப் பிடித்து, நினைத்தவரைச் சுட்ட ஒரு காலத்தில், பிற இனத்தவரின் உயிருக்காக அவர் வாதாடினார். அதுவே இக்கட்டுரையின் பொருள்.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்பிரில் 16ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி. கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்று வழக்கறிஞரானார். 1879இல், இருபத்தெட்டே வயதில், தமிழரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபையில் நியமனம் பெற்றார். பௌத்தர்களின் வெசாக் தினம் 1885இல் அரசாங்க விடுமுறை நாளானதில் அவருக்கும் பங்குண்டு. 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாக முடிக்குரிய வழக்குகளை நடத்தினார். பின்னர் 1911இல் படித்த இலங்கையருக்கென ஏற்பட்ட ஒரே ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தது. வாக்காளரில் பெரும்பான்மையோர் சிங்களவராயிருந்தும், டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்று இராமநாதனே தெரிவானார்.

நான்கு ஆண்டுகளில் பெருஞ்சோதனை வந்தது. நம் மலைநாட்டுக் கம்பளையிலே, வலஹாகொட தேவாலயத்துப் பெரஹரா பள்ளிவாசல் ஒன்றைக் கடக்கும்போது வாத்தியம் முழக்கலாமா என்ற வழக்கு நீண்ட காலமாகப் புகைந்து வந்தது. கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1915ஆம் ஆண்டு தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவ்வாண்டு மே மாதம் 28ஆந் திகதி வெசாக் இரவில் கண்டியில் மூண்ட கலவரம் சில நாட்களில் கொழும்பு வரை பரவிற்று. முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, உயிர்களும் பலியாயின.

அது முதலாம் உலக யுத்த காலம். மதப் பகையால் விளைந்த இக்கலகத்தைத் தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸின் அரசாங்கம் முடிக்கு எதிரான சதியென்று கருதியது. ஜூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டம் பிறந்தது. ஆகஸ்ட் இறுதி வரை அது நீடித்தது. கலகம் சில நாட்களில் ஓய்ந்துவிட்டது. சட்டமோ மூன்று மாதம் ஓயவில்லை. பஞ்சாபிப் படையினரும் ஐரோப்பியத் தொண்டர்களும் கிராமங்களிற் புகுந்தனர். விசாரணையின்றியே சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வழக்குகளை இராணுவ மன்றங்கள் விசாரித்தன. அவற்றின் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது. டி. எஸ். சேனநாயக்க, எப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலாய மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். இருபத்தாறு வயதே நிரம்பிய ஹென்றி பேதிரிஸ் என்ற வாலிபர் இராணுவ மன்றத்தில் தேசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டு, ஜூலை 7ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அநகாரிக தர்மபாலரின் சகோதரர் எட்மண்ட் ஹேவாவிதாரண ஆயுட்கைதியாகி, அவ்வாண்டு நவம்பரில் யாழ்ப்பாணச் சிறையில் நோயுற்று மாண்டார்.

எங்கும் அச்சம் சூழ்ந்திருந்த வேளை அது. வாய் திறந்தவனையும் சதிகாரனென்று சொல்லிவிடக் கூடும். அறுபத்து நான்கு வயதான இராமநாதன் மௌனமாயிருந்திருந்தால் ஒருவரும் குறை கூறியிரார். சிறைப்பட்டோர் அவரது இனத்தவரல்லர், சமயத்தவருமல்லர். எனினும் அவர் சட்டநிரூபண சபையில் எழுந்து அதிகாரிகளின் செய்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறிக் கண்டித்தார்.

இங்கே இளைஞர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இராமநாதன் தண்டனையே கூடாதென்று சொன்னவரல்லர். பதினான்கு ஆண்டுகள் முடிக்காகக் குற்றவாளிகள்மீது வழக்கு நடத்தியவர் அவர். அதனாலேயே தண்டனையின் பாரம் எத்தகையதென்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. குற்றம் இன்னதென்று அறிவித்து, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இடமளித்து, மேன்முறையீட்டுக்கு வழிவிட்டு, அதன் பின்னரே தண்டனையைப் பற்றிப் பேச வேண்டும். சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கையில் இராணுவ மன்றம் எதற்கு? சிறையில் வைத்தவனைப் பிழையென்று கண்டால் விடுதலை செய்யலாம். சுட்டுக் கொன்றவனை யார் எழுப்புவது? பேதிரிஸின் முடிவு நாட்டின் நெஞ்சில் எழுப்பிய வினா இதுவே.

சபையில் அதிகாரிகளின் வாக்கே வென்றது. இராமநாதன் சோரவில்லை. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்த கடலிலே பிரயாணஞ் செய்து இங்கிலாந்தை அடைந்தார். அங்கே பிரித்தானிய அரசாங்கத்திடம் முறையிட்டார். 1915ஆம் ஆண்டுக் கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி அவரெழுதிய ஆங்கில நூல் 1916இல் லண்டனில் வெளியாயிற்று. ஈ. டபிள்யூ. பெரேரா முதலியோரும் அங்கு சென்று உழைத்தனர். தேசாதிபதி சாமர்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார்; சேர் ஜோன் அன்டர்சன் அவ்விடத்துக்கு வந்தார். கேகாலைப் பகுதியில் விசாரணையின்றிச் சிலர் சுடப்பட்டமை பற்றி ஆராய ஒரு குழுவும் நியமிக்கப்பட்டது. இராமநாதன் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களும் இளைஞர்களும் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்ற காட்சி நாடறிந்தது.

பெரியோரைப் போற்றும்போது குறைகளை மறைப்பது மரியாதையன்று. கலகத்திலே வீடும் கடையும் உறவும் இழந்த முஸ்லிம் மக்களின் துயரத்துக்கு அவர் போதிய இடங்கொடுக்கவில்லையென்ற மனக்குறை அம்மக்களிடையே நெடுங்காலம் இருந்தது. அதில் நியாயமுண்டு. டொனமூர் ஆணைக்குழு சிபாரிசு செய்த சர்வசன வாக்குரிமையையும் அவர் எதிர்த்தார். அவ்வாக்குரிமையே 1931இல் மலைநாட்டுத் தொழிலாளர் பலரையும் வாக்காளராக்கியது. இவற்றையும் அறிந்தே அவரது 1915ஆம் ஆண்டுத் துணிவை நாம் மதிக்க வேண்டும்.

இராணுவச் சட்டம் கொழும்புக்கு மூன்று மாதம் காட்டிய முகத்தை, மலைநாட்டுத் தோட்டங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் கண்டிருந்தன. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் சென்ற தொழிலாளி குற்றவாளி. கடன் பாக்கியுங் கூலி பாக்கியுமாகத் தோட்டத்தை விட்டுப் போனவனைப் பிடித்து வந்து கடூழியச் சிறையில் இடலாம். ஒப்பந்த மீறல் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான சிவில் வழக்கேயன்றிச் சிறைக்குரிய குற்றமன்று என்று வாதாடியவர் இராமநாதனின் இளைய சகோதரர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1919இல் அவர் தலைவராகவும் பெரி சுந்தரம் செயலாளராகவும் நின்று தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். தொழிலாளியைக் கடனோடு கட்டிப்போட்ட துண்டு முறையும், சிறைத் தண்டனைப் பிரிவுகளும் 1920களின் தொடக்கத்தில் ஒழிந்தன. கண்டியிலும் கொழும்பிலும் கைதானவருக்காக அண்ணன் பேசினார். லயத்திலிருந்து கைதானவருக்காகத் தம்பி பேசினார். இருவரும் கேட்ட நீதி ஒன்றுதான்.

இராமநாதன் 1930 நவம்பர் 26ஆந் திகதி சிவபதமடைந்தார். சிறையின் கதவைக் கண்டவர்களுள் ஒருவரான டி. எஸ். சேனநாயக்க, மரண தண்டனையை ஒழிக்கும்படி 1928இல் சட்டநிரூபண சபையிலே தீர்மானங் கொண்டுவந்தவர். அதே சேனநாயக்கவின் அரசாங்கந்தான் 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. இதை எண்ணும்போது நம் முதியோரின் நெஞ்சு கசப்பது இயல்பே. ஆனால் இராமநாதன் கைம்மாறு கருதி நீதி கேட்டவரல்லர். நீதி கேட்பதற்குக் கைம்மாறு ஒரு நிபந்தனையுமன்று.

அவர் காலத்துக்குப் பின் நாடு தடுமாறித் தடுமாறியே நடந்திருக்கிறது. மரண தண்டனை 1958இல் சட்டத்தால் இடைநிறுத்தப்பட்டது; பிரதமர் பண்டாரநாயக்க 1959இல் கொலையுண்டதும் மீண்டது. 1976ஆம் ஆண்டு ஜூனில் நடந்ததே இறுதித் தூக்கு. 2019இல் நால்வருக்கான ஆணையில் ஜனாதிபதி ஒப்பமிட்டபோது உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. கசையடித் தண்டனை 2005இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. மறுபுறம், 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கின்றியே நெடுநாள் அடைபட்டோரின் தாய்மாரை மலைநாடும் கண்டது. 1915இல் சிங்களக் குடும்பங்கள் அழுத அழுகையும் அதுவே.

வள்ளுவப் பெருந்தகை கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, குடிகள் அஞ்சத்தக்கவற்றை அரசு செய்யலாகாதென்பதற்கு வெருவந்த செய்யாமையென மற்றோர் அதிகாரமும் வகுத்தார். நம் சைவ நூல்களைத் துறைபோகக் கற்ற இராமநாதன் அந்நெறியை வாழ்ந்து காட்டினார். இளைஞர்களே! நம் வீட்டுக் கதவு தட்டப்படும்போது நாம் குரலெழுப்புவது இயற்கை. அயல் வீட்டுக் கதவு தட்டப்படும்போது எழுப்பும் குரலே அறம். அவர் கட்டிய கோயிலைக் கைகூப்பி வணங்கும் நாம், அவர் காட்டிய இந்தத் துணிவையும் நம் வழிபாட்டின் ஓர் அங்கமாகக் கொள்வோமாக!