ரெண்டு காலேஜ்ல ஃபெயில்... ஒரு எண்ணுக்கு 10,080 காரணிகள்! - ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் கதை

கிணத்துக்கடவு மார்க்கெட்ல 10 பெட்டி தக்காளி வாங்குறீங்க. ரெண்டு பேர், அஞ்சு பேர்னா சமமா பிரிச்சுக்கலாம். மூணு பேர்னா சிக்கல். அதுவே 12 பெட்டின்னா? 2, 3, 4, 6 பேர்னு எப்படி வேணும்னாலும் பிரிக்கலாம். காரணம், 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படிப்பட்ட எண்களுக்கு 'ஹைலி காம்போசிட் நம்பர்'னு பேரு. உங்க போன் கடிகாரத்தில் இருக்கிற 24, 60 ரெண்டுமே அந்த வகைதான்.

இந்த எண்களைத் துரத்திப் பிடிச்சவர் நம்ம கொங்கு மண்ணுல, ஈரோட்டில் 1887 டிசம்பர் 22-ல் பிறந்த சீனிவாச ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம்.

கணக்கு ஒன்றே உலகம்னு இருந்ததால, அங்கே கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறலை. பட்டம் இல்லை, வேலை இல்லை. 1912-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க் வேலை கிடைச்சது. அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு கடிதம் போட்டார். 1914-ல் கப்பல் ஏறினார்.

1915-ல் இந்த எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை லண்டனில் வெளியானது. அதில் ஒரு பட்டியல். கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது, 6 லட்சத்து 74 ஆயிரம் கோடிக்கும் மேல! அதுக்கு 10,080 காரணிகள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எப்படி முடிஞ்சது?

ஒவ்வொரு எண்ணா அவர் வகுத்துப் பார்க்கலை. எண்ணைப் பகா எண்களா உடைச்சார். இந்த எண்ணில் 2 ஆறு முறை, 3 நாலு முறை, 5-ம் 7-ம் ரெண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2×2. விடை 10,080. பகா எண் பெருசாகப் பெருசாக, அது வரும் தடவை ஒருபோதும் கூடாதுன்னும் நிரூபிச்சார்.

அந்தப் பட்டியல்ல ஒரே ஒரு எண் விட்டுப்போச்சு: 2,93,31,86,25,600. போன் கால்குலேட்டரை எடுத்து இதை 23-ஆல் பெருக்கிப் பாருங்க. பட்டியலின் அந்தக் கடைசி எண்ணே வந்து நிக்கும்!

ரெண்டு கல்லூரியில் தேறாதவருக்கு, 1916-ல் இந்த ஆய்வுக்காகவே கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார். ஆனா, அதுக்குள்ள உடம்பு படுத்துருச்சு. 1919-ல் ஊர் திரும்பி, காவிரிக்கரை கொடுமுடியில் சில மாதங்கள் தங்கினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தபோது வயசு 32 தான்.

போர்க்காலப் பணத் தட்டுப்பாட்டில் அந்தக் கட்டுரையின் ஒரு பகுதி அப்போ அச்சாகலை. உரிய விளக்கக் குறிப்புகளோட அது வெளிவந்தது 1997-ல், அவர் இறந்து 77 வருஷம் கழிச்சு. அடுத்த தடவை எதையாவது சமமா பங்கு போடும்போது, நம்ம ஈரோட்டுக்காரரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!