வாஞ்சி மணியாச்சி: ரயில் நிலையத்தின் பெயரில் இருக்கும் வாஞ்சிநாதன் யார்? 1911-ல் அங்கே நடந்தது என்ன?

சென்னையில் இருந்து தூத்துக்குடி போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் போனவர்களுக்கு இந்த ஸ்டேஷன் தெரிந்திருக்கும். ரயில் நிலையமே இல்லாத உத்திரமேரூரில் இருந்து பஸ் பிடித்து, செங்கல்பட்டு வந்து, ராத்திரி ரயில் ஏறி தெற்கே போகிறவர்களும் இதைத் தாண்டித்தான் போகிறார்கள். விடியற்காலை நேரம். பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து: வாஞ்சி மணியாச்சி.

மணியாச்சி என்பது ஊர். வாஞ்சி என்பது ஆள். அந்த ஊரில் பிறக்காத, அந்த ஊரில் வாழாத ஒருவரின் பெயர் அந்த நிலையத்துக்கு வந்தது எப்படி?

யார் இந்த வாஞ்சி?

வீட்டில் வைத்த பெயர் சங்கரன். 1886-ல் செங்கோட்டையில் பிறந்தார். இன்றைக்கு செங்கோட்டை தென்காசி மாவட்டம், ஆனால் அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அப்பா ரகுபதி ஐயர், அம்மா ருக்மணி அம்மாள். செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு, பிறகு திருவனந்தபுரத்தில் கல்லூரி. பொன்னம்மாள் என்பவரோடு கல்யாணம். திருவிதாங்கூர் வனத்துறையில், புனலூரில் வேலை. சர்க்கார் சம்பளம், குடும்பம், சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வேலை. அன்றைய கணக்கில் நல்ல வாழ்க்கைதான்.

அதை விட்டுவிட்டு துப்பாக்கி எடுக்க வைத்தது எது என்று கேட்டால், 3 வருடம் பின்னால் போக வேண்டும்.

கப்பலில் தொடங்கிய கோபம்

வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடிய ஆங்கிலேயக் கம்பெனியின் கப்பல்களுக்கு எதிராக நம்ம ஆட்களின் கப்பல். மக்கள் கூட்டம் இந்தப் பக்கம் சாய்ந்ததும், வியாபாரப் போட்டி அரசியல் மோதலாக மாறியது. 1908 மார்ச் 12-ம் தேதி வ.உ.சி கைது செய்யப்பட்டார். அடுத்த நாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைப்பு, அரசுக் கட்டடங்களுக்குத் தீ, துப்பாக்கிச்சூடு. 4 பேர் உயிரிழந்தார்கள். வ.உ.சி-க்கு முதலில் விதிக்கப்பட்டது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது.

அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தவர் ராபர்ட் வில்லியம் ஆஷ், அயர்லாந்துக்காரர். 1908-ல் ஆஷ்தான் கலெக்டர் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை, அப்போது கலெக்டர் விஞ்ச். ஆஷ் திருநெல்வேலி கலெக்டர் பொறுப்புக்கு வந்தது 1910-ல்தான். ஆனால் சுதேசிக் கப்பலை முடக்கியதிலும் அந்த நேரத்து அடக்குமுறையிலும் அவருக்குப் பங்கு உண்டு என்ற கோபம், வ.உ.சி ஜெயிலில் இருந்த காலம் முழுக்க அணையவில்லை.

இந்தக் கோபத்தை அமைப்பாகத் திரட்டியவர் நீலகண்ட பிரம்மச்சாரி. அவருடைய ரகசிய சங்கம் தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி என்று ஆள் சேர்த்தது. வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன் அதில் இருந்தார். அவர் வழியாக வாஞ்சியும் உள்ளே வந்தார். பிறகு லீவு போட்டுவிட்டு பாண்டிச்சேரி போனார். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் பிரிட்டிஷ் போலீஸ் அங்கே நேரடியாகக் கை வைக்க முடியாது. லண்டனில் இருந்து தப்பி வந்திருந்த வ.வே.சு.ஐயர் அங்கேதான் துப்பாக்கி சுடப் பழக்கினார்.

சரி, ஏன் மணியாச்சி?

இங்கேதான் ரயில் கதைக்குள் வருகிறது. 1876-ல் இந்தப் பாதை திறக்கப்பட்டபோது, மெயின் லைன் மதுரையில் இருந்து தூத்துக்குடிக்குப் போனது. காரணம் துறைமுகம். பாம்பன் பாலம் வராத காலம் அது (அது 1914-ல்தான் வந்தது). இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து கப்பல் ஏறுவார்கள். போட் மெயில் என்ற பெயரே அப்படி வந்ததுதான். திருநெல்வேலி அந்த லைனில் இல்லை, மணியாச்சியில் இருந்து பிரியும் கிளைப் பாதையில் இருந்தது.

அதாவது, மாவட்டத்துக்கே பெரிய அதிகாரியாக இருந்தாலும், திருநெல்வேலியில் இருந்து வடக்கே போக வேண்டும் என்றால் மணியாச்சியில் காத்திருந்தே ஆக வேண்டும்.

1911 ஜூன் 17, சனிக்கிழமை. ஆஷும் மனைவி மேரியும் காலை 9.30 மணிக்குத் திருநெல்வேலியில் ரயில் ஏறினார்கள். குழந்தைகள் 4 பேரும் கொடைக்கானலில் இருந்தார்கள், அவர்களைப் பார்க்கத்தான் பயணம். 10.38-க்கு ரயில் மணியாச்சி வந்து நின்றது. தூத்துக்குடியில் இருந்து போட் மெயில் வர வேண்டிய நேரம் 10.48.

நடுவில் இருந்தது 10 நிமிடம்.

முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். குடுமி வைத்த, வேட்டி கட்டிய ஓர் இளைஞர் பெட்டியை நெருங்கினார். பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் கைத்துப்பாக்கி. குண்டு ஆஷின் நெஞ்சில் பாய்ந்தது. வாஞ்சி பிளாட்பாரத்தில் ஓடி, அங்கிருந்த கழிப்பறைக்குள் புகுந்து, தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது சுமார் 25. தென்னிந்தியாவின் விடுதலைப் போராட்ட வரலாற்றில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி இப்படிக் கொல்லப்பட்டது அதுவே முதல்முறை. அந்தக் கொடைக்கானல் வீட்டில் 4 குழந்தைகள் அப்பாவுக்காகக் காத்திருந்தார்கள் என்பதையும், செங்கோட்டையில் ஒரு இளம் மனைவி அன்றோடு விதவையானார் என்பதையும் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

சட்டைப் பையில் இருந்த கடிதம்

வாஞ்சியின் பையில் ஒரு கடிதம் கிடைத்தது. 5 நாள் கழித்து, ஜூன் 22-ல், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. அதற்கு எதிரான எச்சரிக்கைதான் இந்தக் கொலை என்பது கடிதத்தின் சாரம். வாஞ்சியை வைத்து இன்று வரை நடக்கும் சண்டைக்கும் அந்தக் கடிதமே காரணம். நாட்டு விடுதலையைப் பேசும் அதே தாளில் சனாதன தர்மத்தைக் காப்பது பற்றியும், மன்னரின் உணவுப் பழக்கத்தை இழிவுபடுத்தியும் எழுதியிருந்தது. அதனால் ஒரு தரப்பு வாஞ்சியைத் தியாகி என்கிறது, இன்னொரு தரப்பு அவருடைய நோக்கத்தைச் சந்தேகிக்கிறது.

இன்னொரு கதையும் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். பிரசவ வலியில் துடித்த ஒரு தலித் பெண்ணை அக்ரஹாரத் தெரு வழியாக ஆஷ் வண்டியில் கொண்டுபோனார், அதற்குத்தான் பழிவாங்கல் என்று. கேட்கும்போது மனதைத் தொடும். ஆனால் ஆஷ் பற்றி விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி இதற்கு ஆவண ஆதாரம் இல்லை என்கிறார். கடிதத்தில் இருப்பதை மறைப்பதும் சரியில்லை, அதில் இல்லாததைச் சேர்ப்பதும் சரியில்லை.

கொலைக்குப் பிறகு 14 பேர் மீது வழக்கு. தேடுதலின்போது 2 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டு சிறை. நீலகண்டர் பின்னாளில் துறவியாகி, கர்நாடகாவின் நந்தி மலையில் வாழ்ந்து 1978-ல் இறந்தார் என்பது தனிக் கதை.

இப்போது என்ன மிச்சம்?

ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. அவர் நினைவாக ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய மண்டபம் தூத்துக்குடியில் நிற்கிறது. வாஞ்சிக்கு செங்கோட்டையில் சிலையும் மணிமண்டபமும் உண்டு. சம்பவம் நடந்த மணியாச்சிக்குக் கிடைத்தது பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு பல வருடக் கோரிக்கையின் பலனாக நிலையம் வாஞ்சி மணியாச்சி ஆனது.

மற்றதெல்லாம் மாறிவிட்டது. அன்றைய மீட்டர் கேஜ் தண்டவாளம் போய் அகலப் பாதை வந்தது, பிறகு மின்மயம், இரட்டைப் பாதை. ரயில்வே என்பது ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய துறை, பழைய பிளாட்பாரத்தை அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. ஆனால் ஒரு வேலை விரிவாக்கத்துக்கு முன்னால், எந்தச் சுவர், எந்த இடம் முக்கியம் என்று குறித்து வைப்பதற்கு அதிகச் செலவு ஆகாது. உத்திரமேரூரில் 1,100 வருடத்துக்கு முந்தைய தேர்தல் விதிகளை இன்றும் படிக்க முடிகிறது என்றால், அவை பொறிக்கப்பட்ட சுவர் இடிபடாமல் நின்றதால்தான். மணியாச்சிக்கு ஆனது வெறும் 100 வருடம் சொச்சம்.

இன்னொரு விஷயம், இந்த நிலையம் இருப்பது ஓட்டப்பிடாரம் வட்டத்தில். வ.உ.சி பிறந்த ஊரும் ஓட்டப்பிடாரம்தான். உள்ளூர் ஆட்கள் டிக்கெட் கேட்கும்போது இன்றும் மணியாச்சி என்றுதான் கேட்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு வரை குருவாயூர் எக்ஸ்பிரஸில் வரும் தூத்துக்குடிப் பெட்டிகளை இங்கேதான் கழற்றி, வேறு இன்ஜின் மாட்டி அனுப்புவார்கள். அதுவரைக்கும் பயணிகள் பிளாட்பாரத்தில் இறங்கி டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள்.