சாலிம் அலி: குருவி சுட்ட சிறுவன் சதுப்புநிலங்களைக் காக்கப் போராடியது எப்படி?

குளிர்காலத்தில் கோடியக்கரை உப்பளங்கள் பக்கம் போனால், சேற்றில் குடுகுடுவென ஓடும் கொசு உள்ளானைப் பார்க்கலாம். எடை சுமார் 25 கிராம்தான். ஆனால் ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருது. அது எங்கிருந்து வருதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? பல வருஷமாக அதற்குப் பதில் சொன்னது, பறவையின் காலில் மாட்டிய ஒரு சின்ன உலோக வளையம். இந்தியாவில் அந்த வேலையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் சாலிம் அலி.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். மூன்று வயதுக்குள் அப்பாவும் அம்மாவும் இறந்துவிட, மாமா வீட்டில் வளர்ந்தார். ஏர்கன் வைத்துக் குருவி சுடுவதுதான் பொழுதுபோக்கு. ஒருநாள் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு. என்ன பறவை என்று கேட்கப் போன இடம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அதன் செயலாளர் மில்லார்ட் பறவையின் பெயரைச் சொன்னதோடு, கழகம் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் திறந்து காட்டினார்.

பர்மாவில் குடும்பத் தொழில் பார்த்தார், சரிவரவில்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை கிடைத்தது. லீவு போட்டுவிட்டு ஜெர்மனி போய், பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பறவையியலும், ஹெலிகோலாந்து தீவில் வளையமிடலும் கற்றார். 1930-ல் திரும்பி வந்தால் வேலையே இல்லை. நிதி இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்!

அதன் பிறகு கடலோரக் கிராமமான கிஹிமில் தூக்கணாங்குருவி ஆய்வு, சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு. முகாம்களில் கூடவே இருந்த மனைவி தெஹ்மினா 1939-ல் இறந்தார். 1941-ல் வந்த இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகம் அவரை நாடறியச் செய்தது.

வளையத்துக்குக் காசு வந்த கதை விசித்திரமானது. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் ஒரு புதிய வைரஸ் கண்டறியப்பட்டது. ரஷ்யாவில் இருந்த ஒரு வைரஸுக்கு அது நெருங்கிய சொந்தம். வலசைப் பறவைகள் உண்ணியோடு கொண்டுவந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் உலக சுகாதார நிறுவனம் நிதி தந்தது. எண் பொறித்த வளையங்களை மாட்டி, எங்கே கிடைத்தாலும் பம்பாய்க்குத் தகவல் சொல்லக் கேட்டார்கள். பின்னாளில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுப் பணமும் வந்து சர்ச்சையானது. பறவைகள்தான் வைரஸைக் கொண்டுவந்தன என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் நமக்கு வலசைத் தரவு கிடைத்துவிட்டது.

கோடியக்கரையின் அருமையை 1960-களின் தொடக்கத்திலேயே அவர் சுட்டிக்காட்டினார். 1967-ல் அது சரணாலயமானது, 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

அவர் பெயரோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் நீர்நிலை ராஜஸ்தானின் பரத்பூர். சுமார் 29 சதுர கி.மீ. பரப்பு. அணையிலிருந்து நீர் விட்டு மன்னர்கள் உருவாக்கிய வேட்டைக்களம் அது. 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்ட பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு நீரை வடித்து விவசாயம் செய்யலாம் என்ற கோரிக்கை எழுந்தபோது, அதை எதிர்த்து அரசிடம் தன் செல்வாக்கை எல்லாம் பயன்படுத்தினார் சாலிம் அலி. நீர்நிலை தப்பியது.

ஆனால் கதை அங்கே முடியல. தேசியப் பூங்காவானதும் எருமை மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1982-ல் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தினர் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அதே நேரம் அவருடைய கழகமே பரத்பூரில் பத்தாண்டு ஆய்வு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. எருமைகள் போனதும் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து, பறவைகளுக்குத் தேவையான திறந்த நீர்ப்பரப்பை மூடியது அதில் தெரியவந்தது. மேய்ச்சல்தான் அந்த நீர்நிலையைத் திறந்து வைத்திருந்தது. தனக்கு எதிரான தரவைத் தன் நிறுவனமே வெளியிட்டதை, ஒரு தரவுச் செய்தியாளராக நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இறுதி அறிக்கை 1991-ல் வந்தது. சாலிம் அலி 1987-லேயே, 90 வயதில், காலமாகியிருந்தார்.