ஜாக் மொனோ: பக்டீரியாவிடம் கணக்குக் கேட்ட மனிதர்

1960ஆம் ஆண்டில் ஒருநாள், ஹங்கேரியிலிருந்து ஒஸ்திரியாவுக்குள் ஒரு கரவன் வண்டி எல்லை கடந்தது. உள்ளே ஒரு குளியல் தொட்டி. அதன் அடியில் ஓர் ஆள் மடங்கிப் படுக்கக்கூடிய மறைவிடம். அக்னெஸ் உல்மான் என்ற இளம் உயிர் இரசாயனவியலாளரும் அவருடைய கணவரும் இந்த வழியாகத்தான் நாட்டைவிட்டுத் தப்பினார்கள். 1956 கிளர்ச்சி நசுக்கப்பட்ட பிறகு அவர்களுக்கு அங்கே எதிர்காலம் இருக்கவில்லை. லொறிக்குள்ளும் கொள்கலனுக்குள்ளும் மூச்சடக்கி எல்லை கடந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தத் தொட்டிக்கு அடியில் நேரம் எப்படி நகர்ந்திருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு வியப்பாக இருந்தது, அந்தப் பயணத்தை ஒழுங்குசெய்தவர் யார் என்பது. பாரிஸ் பாஸ்டர் நிறுவகத்தில், கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்களுக்குச் சீனி கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் ஜாக் மொனோ. 1958இல் பாரிசுக்கு வந்திருந்த உல்மான் அவரிடம் உதவி கேட்டார். பணம், ஆட்கள், வண்டி எல்லாம் சேர்த்துக் காரியத்தை முடிக்க இரண்டு வருடம் எடுத்தது. அவர் நோபல் பரிசு பெற்றதற்குக் காரணமான ஆராய்ச்சியின் உச்சகட்டமும் அதே இரண்டு வருடம்தான்.

நான் வர்த்தகம் படித்தவன். உயிரியல் படித்த நண்பர்கள் மருத்துவபீடக் கனவோடு ரியூசனுக்கு ஓடிய காலத்தில் நான் ஐந்தொகையின் இரண்டு பக்கத்தையும் சமப்படுத்திக்கொண்டிருந்தேன். மொனோவின் பெயர் எனக்கு அறிமுகமானது என் மகளின் பாடக்கொப்பியில் இருந்த ஒரு படத்தால். அது என்ன என்று கேட்டேன். ஒரு கலம் தனக்குத் தேவையில்லாத செலவை எப்படி நிறுத்துகிறது என்று அவள் சொன்னாள். அதன்பிறகு நான் அந்த மனிதரை விடவில்லை.

மொனோ 1910 பெப்ரவரி 9ஆம் திகதி பாரிசில் பிறந்தார். தகப்பன் ஓவியர். தாய் அமெரிக்கப் பெண். சிறுவயதில் வந்த போலியோ ஒரு காலை மெலியச் செய்துவிட்டது. அந்தக் காலோடுதான் பிற்காலத்தில் பாறை ஏறினார், பாய்மரப் படகு ஓட்டினார். தெற்கே கடலோர நகரமான கான் நகரில் வளர்ந்து, 1928இல் படிப்புக்காகப் பாரிசுக்குத் திரும்பினார்.

நம்முடைய பெற்றோராக இருந்திருந்தால் அவரை நினைத்து நித்திரை கொண்டிருக்க மாட்டார்கள். செலோ வாசிப்பார், பாக்கின் இசையைப் பாட ஒரு பாடகர் குழுவை நடத்துவார். 1934இல் ஓர் ஆய்வுக் கப்பலில் கிறீன்லாந்துக்குப் போய்வந்தார். 1936இல் அதே கப்பலில் மறுபடி போகவிருந்தவர், புலமைப்பரிசில் கிடைத்ததால் கலிபோர்னியாவுக்குப் போனார். கப்பல் ஐஸ்லாந்துக்கு அருகே புயலில் உடைந்து, ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்தார்கள். தப்பிப் பிழைத்தவர், மரபணு ஆய்வு சூடுபிடித்திருந்த கலிபோர்னியாவில் ஒழுங்காகப் படித்தாரா என்றால், அதிக நேரம் இசைக்குழுவை நெறிப்படுத்துவதில்தான் போனது. முப்பது வயதாகியும் கலாநிதிப் பட்டம் கையில் இல்லை.

கடைசியில் அந்தப் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சாதாரணமானது. பக்டீரியா எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று அளப்பது. திரவத்தில் பக்டீரியாவை விட்டு, உணவாகச் சீனி போட்டு, திரவம் கலங்கலாவதை அளந்து வரைபில் குறிப்பார். ஒரு சீனி போட்டால் கோடு சீராக ஏறி, சீனி முடிந்ததும் நின்றுவிடும். இரண்டு வகைச் சீனியைக் கலந்து போட்டபோதுதான் விநோதம். குளுக்கோசோடு பாலில் உள்ள லக்ரோசைச் சேர்த்துக் கொடுத்தால் கோடு ஏறுகிறது, நிற்கிறது, கொஞ்ச நேரம் தட்டையாகக் கிடக்கிறது, பிறகு மீண்டும் ஏறுகிறது. பக்டீரியா முதலில் குளுக்கோசை முழுதாகத் தின்று முடித்துவிட்டு, ஓர் இடைவெளி விட்டு, அதற்குப் பிறகே லக்ரோசைத் தொடுகிறது.

இரண்டு கேள்விகள் எழுந்தன. அந்த இடைவெளியில் பக்டீரியா என்ன செய்கிறது? குளுக்கோஸ் இருக்கும்வரை லக்ரோசை ஏன் தொடுவதில்லை? முதல் கேள்விக்குப் பதில் தேட ஏறக்குறைய இருபது வருடம் போனது. இரண்டாவதற்கு இன்னும் அதிகம்.

வரைபை அவர் பாஸ்டர் நிறுவகத்தில் இருந்த அந்த்ரே லுவோவிடம் கொண்டுபோய்க் காட்டினார். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் மகன் லுவோவ். இது நொதியத் தகவமைப்பாக இருக்கலாம் என்றார் அவர். உணவு மாறும்போது கலம் அதற்கேற்ற நொதியத்தைப் புதிதாக உண்டாக்குவதை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். மொனோ அந்தச் சொல்லையே அதுவரை கேள்விப்பட்டதில்லை. 1941இல் ஆய்வேட்டை ஒப்புவித்தார். சொர்போன் பல்கலைக்கழகத்துக்கு இதில் ஒன்றுமில்லை என்பதே பரீட்சகர் தரப்பின் அபிப்பிராயமாக இருந்தது.

அந்த நேரம் பாரிஸ் ஜேர்மன் இராணுவத்தின் கையில். மொனோவின் மனைவி ஒடெத் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரட்டை ஆண்குழந்தைகள் பிறந்து சில வருடம்கூட ஆகவில்லை. மொனோ எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார். பகலில் ஆய்வுகூடம், மற்ற நேரத்தில் தலைமறைவு வேலை. இரகசிய ஆவணங்களை ஆய்வுகூடத்துக்கு வெளியே காட்சிக்கு நிறுத்தியிருந்த ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்புக்குள் ஒளித்துவைப்பாராம். ஆட்கள் கைதாகத் தொடங்கியதும் சொர்போனுக்குப் போவதை நிறுத்தி, லுவோவின் ஆய்வுகூடத்தில் ஒதுங்கி அங்கே பரிசோதனைகளைத் தொடர்ந்தார். 1944இல் பாரிஸ் விடுவிக்கப்பட்ட நேரத்தில், மாலிவேர் என்ற இயக்கப்பெயரோடு, உள்நாட்டுப் படைகளின் தேசியத் தலைமையகத்தில் பொறுப்பில் இருந்தார். போர் முடியுமுன், அமெரிக்க இராணுவத்தின் நடமாடும் நூலகத்தில்தான் பக்டீரியாவின் மரபணு மாற்றம் பற்றியும், மரபைக் கடத்துவது டீ.என்.ஏ. என்பது பற்றியும் வந்த புதிய கட்டுரைகளை வாசித்தார்.

இயக்கத்துக்குள் செல்வாக்குப் பெறுவதற்காகக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்திருந்தார். போருக்குப் பிறகு விலகிவிட்டார். 1948இல் வெளிப்படையாகவே மோதல் வந்தது. சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ என்பவர், சூழலே பயிரின் மரபை மாற்றியமைக்கும் என்று சொல்லி, மரபணுவியலை அரச பலத்தோடு ஒழித்துக்கட்டினார். மொனோ ‘கொம்பா’ பத்திரிகையில் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அல்பேர் கமுவின் நட்பு கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். பழைய தோழர்கள் துரோகி என்றார்கள். அமெரிக்காவோ அவரை இன்னும் கம்யூனிஸ்ட் என்றே பார்த்தது. 1952இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அழைத்தபோது, தாய் பிறந்த நாட்டுக்குப் போக அவருக்கு விசா சிக்கலாகிவிட்டது. முன்பு எந்த அமைப்பில் இருந்தீர்கள் என்று கேட்கும் படிவத்தின் முன் பேனாவோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

லைசென்கோ விவகாரம் அரசியல் மட்டும் அல்ல. மொனோவின் பரிசோதனைக் குழாய்க்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது. லக்ரோஸ் வந்து பக்டீரியாவுக்குப் புதிதாக எதையாவது கற்றுக்கொடுக்கிறதா? அல்லது ஏற்கெனவே உள்ளே இருப்பதை வெளியே வரச் செய்கிறதா? தகவமைப்பு என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காமல் போனது. அமெரிக்கரான மெல்வின் கோனும் மற்றவர்களும் அவரோடு சேர்ந்து செய்த பரிசோதனைகள் விடையை நெருங்கின. லக்ரோசைப் போலத் தோற்றமளித்து, ஆனால் உணவாகப் பயன்படாத சில பொருட்களைக் கொடுத்தாலும் கலம் நொதியத்தை மளமளவென்று உண்டாக்கியது. பயனில்லாத பொருளுக்கும் நொதியம் வருகிறதென்றால், உணவு நொதியத்துக்கு வடிவம் கொடுக்கவில்லை. வடிவம் மரபணுவில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து வருவது ஒரு சைகை மாத்திரமே.

அந்தச் சைகை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இன்னொருவர் வந்தார். பிரான்சுவா ஜக்கோப். 1940இல் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு இங்கிலாந்துக்குத் தப்பியோடி, சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஆபிரிக்காவில் போரிட்டவர். 1944இல் நோர்மண்டியில் படுகாயமடைந்ததால் சத்திரசிகிச்சை நிபுணராகும் கனவு போய்விட்டது. இருவருடைய ஆய்வுகூடங்களும் பாஸ்டர் நிறுவகக் கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரே நடைவழியின் இரண்டு முனைகளில் இருந்தன.

1957இன் இறுதியில் அமெரிக்கரான ஆர்தர் பார்டியோடு சேர்ந்து ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். லக்ரோசை உடைக்கும் மரபணு கெட்டுப்போன பக்டீரியாவுக்குள், இன்னொரு பக்டீரியாவிலிருந்து நல்ல மரபணுவைச் செலுத்தினார்கள். லக்ரோஸ் இல்லாமலே நொதியம் உடனடியாக உண்டாகத் தொடங்கியது. ஆனால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் நின்றுவிட்டது. மரபணுவை வேலை செய்ய வைக்க ஏதோ ஒன்று வேண்டும் என்றுதான் மொனோ நினைத்திருந்தார். விஷயம் தலைகீழாக இருந்தது. மரபணு தானாகவே வேலை செய்யும். அதைத் தடுத்து வைக்க இன்னொரு புரதம் இருக்கிறது. அந்தத் தடுக்கும் புரதம் சேரும்வரைதான் நொதியம் வந்தது. இப்படி யோசிக்கும்படி மொனோவைத் தூண்டியவர்களில் ஒருவர் லியோ சிலார்ட். அவரும் ஹங்கேரியில் பிறந்து, ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பிய அகதி.

என் தொழில் பாஷையில் சொல்கிறேன். லக்ரோசை உடைக்கும் நொதியம் விலைகூடிய சரக்கு. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள் நான்கு சேர்ந்துதான் ஒரு நொதிய மூலக்கூறு. லக்ரோஸ் இல்லாத நேரத்தில் இதைச் செய்து குவித்தால், சேமித்துச் செலவழிக்கும் பக்கத்துப் பக்டீரியா முந்திவிடும். ஆகவே தடுக்கும் புரதம் டீ.என்.ஏ.யில் மரபணுவின் வாசலில் உட்கார்ந்து, கொடுப்பனவை நிறுத்திவைக்கிறது. கலத்துக்குள் சில நொதியங்களே இருக்கும். லக்ரோஸ் உள்ளே வந்ததும் அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் தடுக்கும் புரதத்தில் ஒட்டுகிறது. புரதத்தின் வடிவம் மாறுகிறது, பிடி தளர்கிறது, வாசல் திறக்கிறது. நொதியம் ஆயிரம் மடங்கு வரை கூடுகிறது. வரைபில் கோடு தட்டையாகக் கிடந்த நேரம், இந்தச் சரக்கு தயாராக எடுத்த நேரம். லக்ரோஸ் முடிந்தால் தடுக்கும் புரதம் மறுபடி வந்து உட்காரும். நான் பார்த்த எந்த நிறுவனத்திலும் செலவுக் கட்டுப்பாடு இவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை.

1961இல் ஜக்கோபும் மொனோவும் இதை முழுமையாக எழுதி வெளியிட்டார்கள். புரதத்தை உண்டாக்கும் மரபணுக்கள் ஒரு வகை, அவற்றை ஆளும் மரபணுக்கள் இன்னொரு வகை என்ற பிரிப்பு அப்போதுதான் தெளிவாக வந்தது. அந்தத் தடுக்கும் புரதத்தை யாரும் அதுவரை கண்ணால் கண்டதில்லை. 1966இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்ஹில்லும் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

மொனோ அத்தோடு நிற்கவில்லை. ஓர் இடத்தில் சிறு மூலக்கூறு ஒட்டினால் இன்னோர் இடத்தில் புரதத்தின் நடத்தை மாறுகிறதே, அதுவே பொது விதியாக இருக்கலாம் என்று எண்ணினார். நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினில் நான்கு ஆசனங்கள். ஒன்றில் ஒட்சிசன் ஏறினால் மற்றவற்றில் ஏறுவது இலகுவாகிறது. இதையெல்லாம் ஒரே கணிதத்துக்குள் கொண்டுவந்து 1965இல் ஜெஃப்ரிஸ் வைமன், ஜான்பியர் ஷாஞ்சோ ஆகியோரோடு எழுதினார். அதே வருடம் லுவோவ், ஜக்கோப், மொனோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்தில் பிரான்ஸ் முப்பது வருடத்துக்குப் பிறகு பெற்ற நோபல்.

ஆனால் 1941இன் இரண்டாவது கேள்வி அப்படியே கிடந்தது. குளுக்கோஸ் இருக்கும்போது லக்ரோசும் கூடவே இருந்தாலும் பக்டீரியா ஏன் கையை நீட்டுவதில்லை? வாசலில் தடுப்பு விலகினாலும் வேலை முழுவேகத்தில் நடப்பதில்லையே? இதற்கு விடை தேடியவர்களில் முன்னணியில் நின்றவர், பாஸ்டர் நிறுவகத்தில் மொனோவோடு வேலை செய்துகொண்டிருந்த அக்னெஸ் உல்மான். கலத்துக்குள் சக்கர ஏ.எம்.பி. என்றொரு சிறிய மூலக்கூறு உண்டு. குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்போது அது குறைந்துவிடும். அதை வெளியிலிருந்து சேர்த்தால், குளுக்கோஸ் இருந்தும் நொதியம் உண்டாவதை உல்மானும் மொனோவும் 1968இல் காட்டினார்கள். தடை விலகுவது மட்டும் போதாது, பசிக்கிறது என்ற தகவலும் வேண்டும். முழு விடை இதைவிடச் சிக்கலானது என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும், ஆய்வேட்டில் கிடந்த பழைய கேள்வியின் ஒரு பெரிய துண்டு, தொட்டிக்கு அடியில் மறைந்து வந்தவரின் கையால்தான் அவிழ்ந்தது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

அந்த 1968 மே மாதத்தில் பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் பொலிசோடு மோதியபோது மொனோ அவர்கள் பக்கம் நின்றார். 1970இல் ‘தற்செயலும் அவசியமும்’ என்ற நூலை எழுதினார். உயிர் தோன்றியதற்குப் பின்னால் எந்த நோக்கமும் இல்லை என்று அதில் வாதிட்டார். நூல் பெருமளவில் விற்றது, சண்டையும் அதே அளவுக்கு. கடவுள் நம்பிக்கை உள்ள எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை, ஆனாலும் நேர்மையான புத்தகம். 1971இல் நிதி நெருக்கடியில் இருந்த பாஸ்டர் நிறுவகத்தின் இயக்குநரானார். தடுப்பூசி உற்பத்தியைத் தனி நிறுவனமாகப் பிரித்து, கணக்குகளை ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றார். பாடகர் குழுவை நடத்தியவர், கடைசி வருடங்களில் செலவுப் பட்டியல்களோடு போராடினார். 1972இல் ஒடெத் காலமானார்.

மொனோ 1976 மே 31ஆம் திகதி, இரத்தம் தொடர்பான நோயால், தான் வளர்ந்த கான் நகரில் காலமானார். வயது 66. உல்மான் பாஸ்டர் நிறுவகத்திலேயே தொடர்ந்தார். கக்குவான் நோயை உண்டாக்கும் பக்டீரியாவின் நச்சுப்பொருள் ஒன்றை, நம் கலங்களுக்குள் புகுந்து அதே சக்கர ஏ.எம்.பி.யை அளவுக்கு மிஞ்சி உண்டாக்கும் ஒன்றை, பல வருடம் ஆராய்ந்தார். 2019இல் காலமானார்.