துடைப்பத்தால் தேர்வு எழுதியவர்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் விடுதித் தாழ்வாரங்களில் ஒரு புதுக்காட்சி காணலாம். அதுவரை லுங்கியும் பனியனுமாகத் திரிந்த இறுதியாண்டு அண்ணன்மார் கண்ணாடி முன் நின்று டை கட்டப் பழகுவர். கை குலுக்குவது எப்படி, நாற்காலியில் அமர்வது எப்படி, விடை தெரியாத கேள்விக்கு மரியாதை குறையாமல் மறுமொழி சொல்வது எப்படி என்றெல்லாம் வகுப்புகள் நடக்கும். சாஃப்ட் ஸ்கில்ஸ் என்று அதற்குப் பெயர். நம்மில் சிலர் அதைக் கேலி செய்கிறோம். சிலர் அது ஒன்று கைவந்தால் போதும், உலகம் வசப்படும் என்று நம்புகிறோம். இரு சாராரும் அறிய வேண்டிய ஒருவரின் வரலாற்றை இங்கே எழுத விரும்புகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்விக்குப் பாடுபட்ட புக்கர் டி. வாஷிங்டன் அவர்.

1856-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்துத் தோட்டமொன்றில், ஒரு குடிசையில் புக்கர் பிறந்தார். தாய் ஜேன் அத்தோட்டத்துச் சமையற்காரி, அடிமை. தந்தை ஒரு வெள்ளையர் என்பதற்குமேல் மகனுக்கு ஒன்றும் தெரியாது. குடிசைக்கு மண் தரை. குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து உண்டதே இல்லை. கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில், சட்டியிலிருந்தே கையால் எடுத்துத் தின்பதுதான் வழக்கம். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது; விடுதலை வந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே உப்புக் காய்ச்சும் உலைகள் இருந்தன. சிறுவன் விடியற்காலை நான்கு மணிக்கே வேலைக்குப் போனான். அவனுடைய மாற்றாந்தந்தை நிரப்பும் பீப்பாய்களில் 18 என்ற எண் இடப்படும். புக்கர் வாழ்நாளில் முதன்முதல் கற்ற எழுத்து அந்த 18 தான்!

பள்ளி ஒன்று தொடங்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. உலையில் வேலை ஒன்பது மணிவரை. பள்ளியும் ஒன்பது மணிக்கே. இடையில் நடந்து போகும் தொலைவு வேறு. சிறுவன் என்ன செய்தான் தெரியுமா? உலை அலுவலகத்துக் கடிகாரத்தின் முள்ளை நாள்தோறும் எட்டரையிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளி வைத்தான். நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் அந்தக் கடிகாரத்தை நம்பி வேலை செய்தவர்கள். ஏதோ கோளாறு என்று கண்ட மேலாளர் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிற்காலத்தில் காலந்தவறாமையைப் பல்லாயிரம் மாணாக்கருக்குப் போதித்தவர், தம் வரலாற்றை எழுதியபோது இந்தத் திருட்டை ஒளிக்கவில்லை. எனக்கு அவரிடம் முதலில் பற்று உண்டாக்கியது இந்த இடந்தான். அந்தப் பள்ளியில்தான் அவர் தமக்கு ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டார். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருக்கக் கண்டு, ஆசிரியர் கேட்டபோது சட்டென்று வாஷிங்டன் என்று சொல்லிவிட்டார்.

உப்பு உலைக்குப்பின் நிலக்கரிச் சுரங்கம். அதற்குப்பின் ஜெனரல் ரஃப்னர் என்பவர் வீட்டில் எடுபிடி வேலை. மாதம் ஐந்து டாலர் சம்பளம். வீட்டு அம்மையார் வெர்மாண்ட் நாட்டுப்புறத்தைச் சேர்ந்தவர். மிகவும் கண்டிப்பானவர் என்று ஊரெல்லாம் பேச்சு. எந்தப் பையனும் அவரிடம் இரண்டு மூன்று வாரத்துக்குமேல் தங்கியதில்லை. புக்கரும் நடுக்கத்தோடுதான் போனார். ஆனால் அம்மையார் கேட்டவை சிலவே என்று விரைவில் கண்டுகொண்டார். எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும், சொன்ன வேலை சொன்ன நேரத்தில் முடிய வேண்டும், மறைப்பு கூடாது. அதன்பின் ஆயுள் முழுதும் தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடந்தாலும், வேலியில் ஒரு பலகை ஆடினாலும், சட்டையில் ஒரு பித்தான் அறுந்திருந்தாலும் அவருக்குக் கை சும்மா இராதாம். (என் அறையைப் பார்த்த நண்பர்கள் இதை நான் எழுதுவது கண்டு நகைப்பார்கள். நகைக்கட்டும்.)

1872-இல் ஹாம்ப்டன் என்னும் ஊரில் கறுப்பின மாணவருக்கென ஒரு பள்ளி இருப்பதாகக் கேள்வியுற்று, பதினாறு வயதில் புறப்பட்டார். ஏறக்குறைய ஐந்நூறு மைல் பயணம். ரயிலும் வண்டியும் கொஞ்சம், நடை மிகுதி. ரிச்மண்ட் நகரை அடைந்தபோது கையில் காசில்லை. தெருவோரத்தில் மரப்பலகை வேய்ந்த நடைபாதைக்கு அடியில் புகுந்து, தலைமேல் மனிதர் நடக்கும் ஓசையைக் கேட்டபடி உறங்கினார். மறுநாள் துறைமுகத்தில் கப்பலில் சரக்கு இறக்கினார். சில நாள் அப்படியே ஓட்டி, மிச்சம் பிடித்த ஐம்பது சென்ட்டோடு ஹாம்ப்டன் சேர்ந்தார்.

அழுக்கு உடையும் பட்டினி முகமுமாக நின்ற அந்தப் பையனைச் சேர்ப்பதா விடுவதா என்று தலைமை ஆசிரியை மேரி மாக்கிக்கு முடிவு செய்ய இயலவில்லை. மற்றவர்களை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே இருந்தார். மணிக்கணக்காகக் காத்திருந்தபின், அடுத்த அறையைப் பெருக்கும்படி ஒரு துடைப்பத்தைக் காட்டினார். தமக்கு வைத்த தேர்வு அதுவே என்று புக்கருக்குப் புரிந்துவிட்டது. மூன்று முறை பெருக்கினார். துணியால் நான்கு முறை துடைத்தார். மேசை நாற்காலிகளை நகர்த்தி, மூலை முடுக்குகளையும் அலமாரிகளின் உட்புறத்தையும் விடவில்லை. ஆசிரியை வந்து தம் கைக்குட்டையால் சுவரின் மரப்பலகையையும் பெஞ்சுகளையும் தேய்த்துப் பார்த்தார். தூசி இல்லை. இடம் கிடைத்தது. வாயிற்காவலும் துப்புரவும் செய்து சாப்பாட்டுச் செலவைக் கழிக்கும் வேலையும் உடன் கிடைத்தது.

அங்கே அவர் கற்றவற்றுள் புத்தகத்தில் இல்லாதவையே மிகுதி. வேளை தவறாமல் மேசையில் அமர்ந்து உண்பது, நாள்தோறும் குளிப்பது, பல் துலக்குவது எல்லாம் புதுமை. படுக்கையில் இரண்டு விரிப்புகள் இருந்தன. முதல் நாள் இரண்டுக்கும் அடியில் படுத்தார்; மறுநாள் இரண்டுக்கும் மேலே படுத்தார்; பிறகு அடுத்த கட்டில்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். யாரும் நமக்குச் சொல்லித் தராத, ஆனால் எல்லோரும் நமக்குத் தெரியும் என்று எண்ணிக்கொள்கிற செய்திகள் எத்தனை! சிற்றூரிலிருந்து முதன்முதல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த நம்மில் பலர் அந்த இரண்டு விரிப்புகளை வேறு உருவில் சந்தித்திருக்கிறோம். முள்கரண்டியாகச் சிலருக்கு, ஆங்கிலத்தில் எழுத வேண்டிய ஒரு விண்ணப்பக் கடிதமாகச் சிலருக்கு.

1875-இல் ஹாம்ப்டனில் தேறினார். சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1881-இல் அலபாமா மாநிலம் டஸ்கிகீ என்னும் சிற்றூரில் கறுப்பின ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்க அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் பள்ளி என்று எதுவும் இல்லை. அரசு ஒதுக்கிய ஆண்டுக்கு 2,000 டாலரும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டுமே உரியது. ஜூலை 4-ஆம் நாள் மாதா கோவிலை ஒட்டிய ஓர் ஓட்டைக் கொட்டகையில் முப்பது மாணவருடன் வகுப்பு தொடங்கியது. மழை பெய்தால் ஒரு மாணவர் எழுந்து வந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பார்.

வந்த மாணவரில் பலர் முன்பே சிறு பள்ளிகளில் ஆசிரியர்கள். பெரிய பெரிய நூற்பெயர்களும் நீண்ட சொற்களும் அவர்களுக்குப் பிடிக்கும். அந்த வட்டாரத்தில் சுற்றியபோது வாஷிங்டன் ஒரு குடிசையில் ஓர் இளைஞரைக் கண்டார். உடையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, முற்றமெல்லாம் களை, கையில் பிரெஞ்சு இலக்கணம். அந்தக் காட்சியை அவர் மறக்கவேயில்லை. பிரெஞ்சை இகழ்ந்தார் என்று சிலர் அவர்மேல் குறை சொல்வதுண்டு. அந்த முற்றத்தைப் பார்த்த துயரம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழைய தோட்டம் ஒன்றைக் கடன் வாங்கி விலைக்குப் பெற்றார். கோழிக் கொட்டிலும் குதிரை லாயமும் வகுப்பறைகளாயின. நிலம் திருத்த மாணவர் மறுத்தபோது, தாமே கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். செங்கல் அறுக்கும் வேலை அதனினும் கொடிது. முழங்கால் அளவு சேற்றில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். முதல் சூளை வேகவில்லை. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவது வெந்து முடியும் தறுவாயில் சரிந்தது. பணம் தீர்ந்தது. வாஷிங்டன் தம் கடிகாரத்தை மாண்ட்கோமரி நகரில் பதினைந்து டாலருக்கு அடகு வைத்து வந்து நான்காம் சூளை மூட்டினார். அது வெந்தது. கடிகாரம் மீளவில்லை. அந்தச் செங்கல்லை வாங்கத்தான், பள்ளியை விரும்பாத வெள்ளையர்கூட வாயிலுக்கு வந்தனர்.

பல் துலக்கும் தூரிகை இல்லாத எவரும் டஸ்கிகீயில் தங்க முடியாது. ஒரு நாள் புது மாணவியர் மூவர் தங்கிய அறைக்குச் சென்று, தூரிகை உண்டா என்று கேட்டார். ஒரு பெண் ஒரே ஒரு தூரிகையைக் காட்டி, மூவரும் சேர்ந்து முந்தின நாள் வாங்கியது என்று பெருமையோடு தெரிவித்தாள்! மாலையில் வழிபாடு முடிந்து வரிசையாக வெளியேறும் மாணவரின் சட்டைகளில் பித்தான் இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று முதல்வரே நின்று பார்ப்பார். ஞாயிறு மாலைகளில் அவர்களோடு பேசுவார். வேலைக்கு நேரத்தில் போவது, ஒப்புக்கொண்டதை முடிப்பது, கடனைத் திருப்புவது, தெரியாததைத் தெரியாது என்பது ஆகியவையே பேச்சின் பொருள். இன்று பயிற்சியாளர்கள் படம் காட்டி விளக்குவனவெல்லாம் அவற்றில் இருந்தன.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் நடத்திய இந்தியன் ஒப்பீனியன் இதழில் 1903-ஆம் ஆண்டே வாஷிங்டனைப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவ்விதழ் தொடக்கத்தில் தமிழிலும் பக்கங்கள் வெளியிட்டு வந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இதுவரை எல்லாம் நன்று. இனித்தான் கடினமான பகுதி.

1895-இல் அட்லாண்டா நகரப் பொருட்காட்சியில் பேசிய வாஷிங்டன், தம் மக்கள் முதலில் தொழிலாலும் ஒழுக்கத்தாலும் மதிப்புத் தேட வேண்டும். சமூகச் சமத்துவத்துக்கான கிளர்ச்சியை அவசரப்படுத்த வேண்டாம் என்றார். வெள்ளையர் கைதட்டினர். புகழ் நாடெங்கும் பரவியது. ஆனால் 1901-இல் அதே அலபாமா மாநிலம் ஒரு புதிய அரசியல் சட்டம் செய்து கறுப்பினத்தவரில் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்துவிட்டது. பித்தான் சரியாக இருந்தவரா இல்லாதவரா என்று யாரும் பார்க்கவில்லை. 1903-இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்னும் இளம் அறிஞர் தம் நூலில் வாஷிங்டனை நேராகவே கண்டித்தார். உரிமையை விட்டுக்கொடுத்து வாங்கும் மதிப்பு மதிப்பாகுமா என்பது அவர் கேள்வி. அக்கேள்வி சரியானதே என்று நான் கருதுகிறேன்.

1901 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வாஷிங்டனை வெள்ளை மாளிகைக்கு இரவு உணவுக்கு அழைத்தார். எண்ணிப் பாருங்கள். சட்டியிலிருந்து கையால் எடுத்துத் தின்று வளர்ந்தவர், மேசை நாகரிகத்தை ஓர் இனத்துக்கே கற்பித்தவர், நாட்டின் முதல் மேசையில் குறையின்றி அமர்ந்து உண்டார். தென்மாநிலப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. எப்படி உண்டார் என்பதன்று, அமர்ந்தார் என்பதே குற்றம்! 1911-இல் நியூயார்க்கில், ஒரு வீட்டு வாயிலில் முகவரி தேடி நின்ற அவரை ஒரு வெள்ளையன் அடித்துக் காயப்படுத்தினான். வழக்கு நடந்தது. அடித்தவன் விடுதலையானான்.

வாஷிங்டனுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்து அலபாமாவிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்குக்கு அவர் இரகசியமாகப் பொருளுதவி செய்தார். வெளியே பணிவுரை, உள்ளே வழக்குச் செலவு. அவர் கடிதங்களை ஆராய்ந்தோர் வெளியிட்டபோதுதான் இதன் முழு அளவு உலகுக்குத் தெரிந்தது. அதை அச்சம் என்பதா, தந்திரம் என்பதா? முப்பதோடு தொடங்கி ஆயிரத்து ஐந்நூறுக்கு வளர்ந்த மாணவர் கூட்டத்தைக் கொளுத்தக் காத்திருந்த ஊர்களுக்கு நடுவே காத்தவர் அவர். விடுதி அறையில் பாதுகாப்பாக அமர்ந்து தீர்ப்புக் கூற எனக்குத் துணிவில்லை.

1915 நவம்பரில் நியூயார்க்கில் நோய்வாய்ப்பட்டார். நாள்கள் எண்ணப்படுவதாக மருத்துவர்கள் கருதினர். தெற்கே பிறந்து வளர்ந்தவன் தெற்கேயே சாக வேண்டும் என்று பிடிவாதமாக ரயில் ஏறினார். டஸ்கிகீயை இரவில் அடைந்தார். மறுநாள் 14-ஆம் தேதி விடியற்காலையில் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தொன்பது. இறுதிச் சடங்கு பள்ளியின் வழிபாட்டு மண்டபத்தில் நடந்தது. அந்த மண்டபத்தின் செங்கற்கள் முழுவதும் மாணவர்கள் அறுத்துச் சுட்டவை.